எல்விஎல் துண்டுகளை ஆணியடித்துச் சேர்த்தால் பிஎஸ்எல் தூணுக்கு ஈடாகுமா?

மார்க்கம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில், மார்க்கம் நகரில், 1988 ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரண்டு மாடி மரச்சட்ட வீட்டில் வசிக்கிறோம். சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவே இருந்த சுமை தாங்கும் சுவரை எடுத்துவிட்டு 4.9 மீட்டர் அகலத்துக்குத் திறப்பதற்கு நகராட்சியிடம் பெர்மிட் பெற்றிருக்கிறோம். பொறியியலாளர் வரைந்து தந்த படத்தில், மூன்று எல்விஎல் பலகைகளை (மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்தவை) சேர்த்த 133 மி.மீ. அகல உத்திரமும், அதன் இரண்டு நுனிகளிலும் 89 க்கு 133 மி.மீ. அளவுள்ள பிஎஸ்எல் (நீண்ட மர நாடாக்களை ஒட்டிச் செய்த கட்டை) தூண்களும் காட்டப்பட்டுள்ளன. ஒரு தூண் வெளிச்சுவருக்குள் மறைந்துவிடும். மற்றது சமையலறை மேடையின் ஓரத்தில் தனியாக நிற்கும்.

மரக்கடையில் அந்த அளவு பிஎஸ்எல் இப்போது இல்லை என்றும், வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் வேலையைச் செய்யும் தச்சர் நல்ல அனுபவசாலி. உத்திரத்தில் வெட்டி மிஞ்சும் எல்விஎல் துண்டுகளை 133 மி.மீ. அகலத்துக்கு நீளவாக்கில் அறுத்து, இரண்டிரண்டாக ஆணியடித்துச் சேர்த்தால் அதே அளவுத் தூண் வந்துவிடும், எல்விஎல்லும் பிஎஸ்எல்லும் ஒரே வகைப் பொருள்தான் என்கிறார். மேல்தளம் இப்போது தற்காலிக முட்டுகளில் நிற்கிறது, அதற்கு மேலேதான் பிள்ளைகள் உறங்குகிறார்கள். ஆகவே அவசரமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. அவர் சொல்வது சரியா?

சுமைவழி எழுதியது:

நான் கட்டமைப்புப் பொறியியலாளராக வேலை செய்கிறேன். உங்கள் படத்தில் கையெழுத்திட்டவரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தையும் விளக்குவது நல்லது, ஏனென்றால் உங்கள் தச்சர் சொல்வதில் பாதி சரி.

சரியான பாதி, பொருளைப் பற்றியது. ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்புள்ள மரத்தாள்களை அடுக்கி, ஒட்டி, சூடாக அழுத்திச் செய்வது எல்விஎல். பிளைவுட்டில் ஒன்றுவிட்டு ஒரு தாள் குறுக்காக வைக்கப்படும், எல்விஎல்லில் எல்லாத் தாள்களின் நாரோட்டமும் நீளவாக்கிலேயே இருக்கும். பிஎஸ்எல்லில் தாள்களுக்குப் பதிலாக நீண்ட மர நாடாக்கள் இருக்கும். இரண்டின் விறைப்பும் அருகருகே உள்ளவைதான். தூண்களுக்கான பிஎஸ்எல்லின் மீள்மைக் குணகம் (விறைப்பைக் காட்டும் எண்) சுமார் 12,400 மெகாபாஸ்கல், கடையில் வாங்கும் சாதாரண ஸ்புரூஸ்-பைன்-ஃபர் இரண்டாம் தர மரத்துக்கு 9,500. உத்திரத்துக்கான எல்விஎல் பெரும்பாலும் இந்தத் தூண் பிஎஸ்எல்லைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

தவறான பாதி, சேர்க்கும் விதத்தைப் பற்றியது. ஒல்லியான தூண் நசுங்கி உடைவதில்லை. பக்கவாட்டில் வளைந்து, அந்த வளைவு தானாகவே பெருகி உடைகிறது. அதைத் தடுக்கும் விறைப்பு தடிப்பின் மும்மடியோடு கூடுகிறது, அதாவது தடிப்பு இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். உங்கள் 89 மி.மீ. தூண் ஒரே கட்டையாக இருந்தால் அந்த எட்டுப் பங்கும் கிடைக்கும். 44.5 மி.மீ. பலகைகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் நிலையில் நின்றால் ஆளுக்கு ஒரு பங்கு, மொத்தம் இரண்டு பங்குதான் கிடைக்கும். அளவுநாடாவில் ஒரே அளவைக் காட்டும் இரண்டு தூண்களில் ஒன்று மற்றதன் நான்கில் ஒரு பங்கு விறைப்போடு நிற்கிறது.

இதை எண்ணில் பாருங்கள். 2.4 மீட்டர் உயரத்தில், ஆய்லரின் சூத்திரப்படி, பாதுகாப்புக்கான குறைப்பு எதுவும் செய்யாமல், ஒரே கட்டையான 89 க்கு 133 பிஎஸ்எல் தூண் சுமார் 166 கிலோநியூட்டனில் (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடை) வளைந்து விலகும். அதே விறைப்புள்ள இரண்டு தனிப் பலகைகள் சுமார் 41 இலேயே விலகிவிடும். உங்கள் வீட்டில் மேல்தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.9 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமை (ஆட்களும் பொருட்களும்), 0.5 நிலைச்சுமை (தளத்தின் சொந்த எடை) என்று எடுத்து, உத்திரம் 3.6 மீட்டர் அகலத் தளத்தைத் தாங்குகிறது என்று வைத்து, பாதுகாப்புக்காகப் பெருக்கும் சுமைக் காரணிகளையும் மேலே உள்ள சுவரின் எடையையும் சேர்த்தால், ஒரு தூணுக்கு ஏறத்தாழ 33 கிலோநியூட்டன் வருகிறது. கூரைச் சட்டங்கள் வெளிச்சுவர்களில் மட்டும் அமர்ந்திருக்கின்றன என்ற ஊகத்தில் பனிச்சுமையை இதில் சேர்க்கவில்லை. 33 க்கு 41 என்பது எந்தப் பொறியியலாளரும் கையெழுத்திடக்கூடிய இடைவெளி அல்ல.

ஆணி அடித்தால் வழுக்கல் குறையும், ஆனால் முற்றாக நிற்காது. ஆகவேதான் கனடாவின் மர வடிவமைப்பு விதிநூலும் அமெரிக்க விதிநூலும் ஆணியால் சேர்த்த தூணுக்கு 0.6, போல்ட்டால் சேர்த்ததற்கு 0.75 என்ற குறைப்புக் காரணியை வைத்திருக்கின்றன. அதுவும் விதிநூல் சொல்லும் இடைவெளியில், சொல்லும் நீளத்து ஆணியை அடித்திருந்தால்தான்.

வெளிச்சுவருக்குள் மறையும் தூணின் கதை வேறு. அங்கே பலகைகள் சுவரின் நீளவாக்கில் அடுக்கப்பட்டால், அவை வழுக்கக்கூடிய திசையில் வெளிப்புறப் பலகையும் டிரைவாலும் (உட்புறம் அடிக்கும் ஜிப்சம் பலகை) அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்கும் தூணுக்கு அப்படிப் பிடிப்பவர் யாரும் இல்லை.

ஹூஸ்டன்காரன் எழுதியது:

இங்கே டெக்சாஸில் பல வீடுகளில் மூன்று அல்லது நான்கு டூ பை சிக்ஸ் (38 க்கு 140 மி.மீ.) மரங்களை ஆணியடித்துச் சேர்த்த தூண்கள்தான் பெரிய உத்திரங்களைத் தாங்குகின்றன. அவை பல பத்தாண்டுகளாக நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாதாரண மரத்தின் விலையையும் பிஎஸ்எல்லின் விலையையும் ஒப்பிட்டால், மூன்று வாரம் காத்திருந்து விலையுயர்ந்த தூணை வாங்குவதற்கு எளிய வீட்டில் என்ன தேவை இருக்கிறது? இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். பிஎஸ்எல் அவ்வளவு பலமானது என்றால் 89 க்கு 89 அளவே போதாதா? அது கிடைப்பதும் எளிது.

உளியும்மட்டமும் எழுதியது:

ஹூஸ்டன் நண்பரின் இரண்டாவது கேள்விக்குச் சட்டகத் தச்சனாக நான் விடை சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவறின் விளைவை என் கையால் திருத்தியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிரம்டனில் ஒரு வீட்டுக்காரர் என்னை அழைத்தார். வேறொருவர் சுவரை எடுத்து உத்திரம் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேல்தளத்தில் குளியலறைக் கதவு சட்டத்தில் உரசியது, கதவுக்கு மேலே டிரைவாலில் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியது. உத்திரம் தொய்ந்திருக்கும் என்று எண்ணி நூல் பிடித்துப் பார்த்தேன், அது நேராக இருந்தது. தூணைச் சுற்றி இருந்த பலகையைக் கழற்றினேன். பொறியியல் மரத்தில் செய்த நல்ல தூண், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன் அடியில் படுக்க வைத்திருந்த டூ பை ஃபோர் (38 க்கு 89 மி.மீ.) பலகைக்குள், அதாவது பிளேட்டுக்குள், தூண் புதைந்திருந்தது. சதுரமான பள்ளம், ஓரத்தில் மர நார்கள் மடிந்து மேலே எழும்பியிருந்தன. மூலைமட்டத்தை வைத்து அளந்தபோது 5 மி.மீ. ஆழம் இருந்தது. மேலே, உத்திரம் அமரும் இடத்தில் வைத்திருந்த பிளேட்டிலும் அதேபோல ஒரு தடம் இருந்தது.

மரம் நாரோட்டத்தின் நீளவாக்கில் சுமையைத் தாங்கும் அளவுக்குக் குறுக்கே தாங்காது. ஒரு கற்றை வைக்கோலை நிமிர்த்தி அழுத்துவதற்கும் படுக்க வைத்து அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது. தூண் நிமிர்ந்த கற்றை, பிளேட் படுத்த கற்றை. தூணை எவ்வளவு உயர்ந்த பொருளில் செய்தாலும் அது அமர்வது படுத்துக்கிடக்கும் ஸ்புரூஸ் பலகையின்மேல்தான் என்றால், அந்தப் பலகை தாங்கும் அளவுதான் உங்கள் தூணின் அளவு. எண்களைச் சுமைவழி ஐயா சொல்லட்டும்.

சுமைவழி எழுதியது:

தச்சர் அண்ணா சொன்னதற்கு நேரான கணக்கு இதோ. கனடிய விதிநூலில் ஸ்புரூஸ்-பைன்-ஃபர் மரத்தின் குறுக்கழுத்தத் தாங்குதிறன் 5.3 மெகாபாஸ்கல். அதற்கான 0.8 குறைப்புக் காரணியையும் சேர்த்தால், 89 க்கு 89 தூணின் அடியில் பிளேட் ஏறத்தாழ 33.6 கிலோநியூட்டன் தாங்கும், அதாவது இந்த வீட்டின் சுமையோடு விளிம்பு தொட்டு நிற்கும். 89 க்கு 133 தூணின் அடியில் அதே பிளேட் 50 கிலோநியூட்டன் தாங்கும். தாங்கும் நீளத்தையும் பலகையின் வடிவத்தையும் பொறுத்துச் சில சிறு உயர்த்தல்களை விதிநூல் அனுமதிக்கிறது, ஆனால் படம் மாறாது. 89 க்கு 89 பிஎஸ்எல் தூண் 2.4 மீட்டரில் ஆய்லர் கணக்குப்படி 111 கிலோநியூட்டன் வரை வளையாது நிற்கும். தூண் அழியுமுன் வெகு நேரத்துக்கு முன்பே பிளேட் நசுங்கத் தொடங்கும். உங்கள் பொறியியலாளர் 133 மி.மீ. பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தூணின் அகலம் தாங்கப்படும் உத்திரத்தின் அகலத்துக்குக் குறையக்கூடாது என்று கனடாவின் தேசியக் கட்டட விதியில் வீடுகளுக்கும் சிறு கட்டடங்களுக்கும் உரிய ஒன்பதாம் பகுதி சொல்வது மற்றொரு காரணம்.

ஹூஸ்டன் நண்பரின் முதல் கேள்வியை நான் மறுக்கவில்லை. சாதாரண மரத்தில் சேர்த்த தூண் தரக்குறைவானது அல்ல, சுவருக்குள் நிற்கும் இடத்தில் அதையே நானும் எழுதுகிறேன். ஒன்பதாம் பகுதியிலேயே அதற்கு வழி இருக்கிறது: ஒவ்வொரு பலகையும் 38 மி.மீ. தடிப்புக்குக் குறையாமலும் இடையில் ஒட்டு இல்லாமல் முழு நீளமாகவும் இருக்க வேண்டும், 76 மி.மீ. ஆணிகளை 300 மி.மீ. இடைவெளிக்கு மிகாமல் அடிக்க வேண்டும், அல்லது 9.5 மி.மீ. போல்ட்டுகளை 450 மி.மீ. இடைவெளிக்கு மிகாமல் போட வேண்டும். ஆனால் கணக்கு இல்லாமல் அந்தப் பகுதியைப் பின்பற்றினால் செவ்வகத் தூண் 140 க்கு 140 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் கணக்குக் காட்ட வேண்டும். பொறியியல் மரத்துக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் அந்த மெலிவுக்காகவும் நேர்த்திக்காகவும் கொடுக்கும் விலைதான்.

வடிவமைப்பு எண் எப்படி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு தர மரத்தின் சராசரிப் பலத்தை நாங்கள் பயன்படுத்துவதில்லை, நூற்றில் மிக மெலிந்த ஐந்தின் எல்லையைப் பிடித்து அதிலிருந்துதான் இறங்குகிறோம். காட்டு மரத்தில் ஒரு கட்டையில் கணு, மறு கட்டையில் சாய்ந்த நார் என்று ஏற்றத்தாழ்வு அதிகம். எல்விஎல்லில் ஒரு தாளில் இருக்கும் கணு அடுத்த தாளில் அதே இடத்தில் இருக்காது என்பதால் குறை பரவிக் கரைந்துவிடுகிறது. சராசரி பெரிதாக உயராவிட்டாலும் அடிமட்டம் உயர்கிறது, வடிவமைப்பு எண் அந்த அடிமட்டத்தைத்தான் பின்பற்றுகிறது.

பசிபிக்கரை எழுதியது:

பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து எழுதுகிறேன். மரப்பொருள் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் பிஎஸ்எல்லைப் பற்றிச் சிறிது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அதை உருவாக்கியது வன்கூவரின் மாக்மில்லன் புளோடல் நிறுவனம். பேரலம் என்ற பெயரில் அது 1986 ஆம் ஆண்டு வன்கூவர் எக்ஸ்போ கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. தாளாக உரித்த மரத்தை 2.4 மீட்டர் வரை நீளமுள்ள குறுகிய நாடாக்களாக நறுக்கி, பசை பூசி, நீளவாக்கில் அடுக்கி, ஓடும் அழுத்திக்குள் செலுத்துவார்கள். எல்விஎல் மெல்லிய பலகை என்பதால் சூடான தட்டுகளுக்கு நடுவே வைத்தால் வெப்பம் உள்ளே போய்விடும். பிஎஸ்எல் 280 க்கு 480 மி.மீ. வரை பருமனான கட்டையாக வெளிவருகிறது, வெளியிலிருந்து சூடாக்கினால் நடுவில் பசை இறுகுமுன் ஓரம் கருகிவிடும். ஆகவே நுண்ணலையால் கட்டை முழுவதையும் ஒரே சமயத்தில் சூடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். தூணுக்கு ஒரே கட்டை வேண்டும் என்ற தேவைக்கு நேராகப் பிறந்த முறை அது என்றே நான் எப்போதும் எண்ணுவதுண்டு. அந்தக் கட்டையிலிருந்து அறுத்தெடுக்கும் 133 மி.மீ. அல்லது 178 மி.மீ. தூணில் ஆணியால் சேர்த்த மூட்டு என்று ஒன்றே கிடையாது.

எல்எஸ்எல் என்ற மூன்றாவது வகையும் உண்டு. ஆஸ்பன் போன்ற விரைவில் வளரும் மரங்களின் 300 மி.மீ. அளவுச் சீவல்களைக் கொண்டு செய்வது. விறைப்பு குறைவு, ஆனால் நெளியாது, ஆணியை நன்றாகப் பிடிக்கும். ஐந்து மீட்டருக்கு மேல் உயரும் கூடத்துச் சுவர்களின் ஸ்டட்டுகளுக்கு (சுவருக்குள் நிமிர்ந்து நிற்கும் சட்டங்கள்) அது மிகப் பொருத்தம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிஎஸ்எல்லில் நாடாக்களுக்கு இடையே சிறு துவாரங்கள் இருக்கும், தண்ணீர் அவற்றின் வழியே உள்ளே போய்த் தங்கிவிடும். மருந்து ஏற்றாத பிஎஸ்எல்லை வெளித்திண்ணையில் மழைபடும் தூணாக வைத்து, மேற்பூச்சு அப்படியே இருக்க உள்ளே கை விட்டால் தூளாகக் கொட்டும் நிலையை நான் பார்த்திருக்கிறேன். உலர்ந்த உட்புறத்துக்கு என்று சொல்லி விற்கும் பொருளை அங்கேயே வைக்க வேண்டும்.

மார்க்கம்வாசி எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. இவற்றைத் தச்சரிடம் படித்துக் காட்டினேன். அவர் மனம் கோணாமல் கேட்டார். பொறியியலாளரிடம் தொலைபேசியில் பேசினோம். சுவருக்குள் போகும் தூணுக்கு எல்விஎல்லைப் பயன்படுத்தலாம் என்றும், தனித்தூணுக்குப் படத்தில் உள்ளபடி பிஎஸ்எல்லே வேண்டும் என்றும் சொன்னார். எல்விஎல்லை அறுப்பதானால், தயாரிப்பாளரின் மதிப்பீட்டு அறிக்கையில் தூணாகப் பயன்படுத்தும் எண்கள் இருக்கின்றனவா என்பதையும், நீளவாக்கில் அறுப்பதற்கு அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் பெறச் சொன்னார். தரமுத்திரை உள்ள பகுதி அறுபட்டுப் போனால் இன்ஸ்பெக்டருக்கு என்ன பொருள் என்று தெரியாது என்பதும் அவர் சொன்ன ஒரு காரணம்.

இப்போது வேறொரு கேள்வி. தனித்தூண் நிற்கப்போகும் இடத்தில் தரையைத் திறந்தோம். பேஸ்மென்ட்டிலிருந்து விளக்குப் பிடித்துப் பார்த்தால், தூண் இரண்டு ஜோயிஸ்ட்டுகளுக்கு (தளத்தைத் தாங்கும் கிடைச் சட்டங்கள்) நடுவே வெறும் தளப்பலகையின்மேல் அமரும் என்று தெரிகிறது. கீழே உத்திரமும் இல்லை, சுவரும் இல்லை. பழைய சுவர் முழு நீளத்துக்கும் சுமையைப் பரப்பியிருந்ததால் இதுவரை தெரியவில்லை. படத்தில் அந்த இடத்தில் "கீழே தொடர்க" என்று ஓர் அம்புக்குறி மட்டும் இருக்கிறது.

சுமைவழி எழுதியது:

அந்த அம்புக்குறிதான் படத்தின் மிக முக்கியமான சொல். உங்கள் பொறியியலாளர் அதை விரித்து வரைந்து தர வேண்டும், கேளுங்கள். தூணைப் பற்றிய விவாதம் எல்லா இடங்களிலும் பொருளில் தொடங்கிப் பொருளிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். நான் பார்த்த பழுதுகளில் தூணே உடைந்தது ஒன்றுகூட இல்லை, மேலே அமர்ந்த இடமோ கீழே இறங்கிய வழியோதான் விட்டுக்கொடுத்திருந்தது.

33 கிலோநியூட்டன் என்பது மூன்று டன்னுக்கு மேல். அது தளப்பலகையைக் கடந்து, ஜோயிஸ்ட்டுகளின் இடைவெளியைக் கடந்து, பேஸ்மென்ட் தூணில் இறங்கி, அத்திவாரத்தின் வழியே மண்ணை அடைய வேண்டும். ஜோயிஸ்ட்டுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைத் தூணின் முழு முகத்துக்கும் ஈடான கட்டைகளால் நிரப்ப வேண்டும். அந்தக் கட்டைகளின் நார் மேலும் கீழுமாக ஓட வேண்டும். மிஞ்சிய டூ பை டென் (38 க்கு 235 மி.மீ.) துண்டைப் படுக்க வைத்து இடுக்கில் அடித்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது இடத்தை அடைக்கும், சுமையை இறக்காது.

பேஸ்மென்ட்டின் கான்கிரீட் தரை அத்திவாரம் அல்ல. அது பெரும்பாலும் 75 முதல் 100 மி.மீ. தடிப்புள்ள நடைதளம்தான். ஒன்பதாம் பகுதியின் அட்டவணை ஒரு தளத்தைத் தாங்கும் தூணுக்கு 0.4 சதுர மீட்டர், இரண்டு தளங்களுக்கு 0.75 சதுர மீட்டர் என்று அத்திவாரப் பரப்பைக் கேட்கிறது. உங்களுடையது மேல்தளத்தோடு தரைத்தளத்தின் ஒரு பகுதியையும் தாங்குவதானால், பக்கத்துக்கு ஏறத்தாழ 870 மி.மீ. உள்ள சதுரம் வரும். தரையை அறுத்து, தோண்டி, வார்க்க வேண்டும். கீழே மரத்தூண் வைப்பதாக இருந்தால் கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே குறைந்தது 0.05 மி.மீ. பாலிதீன் தாளோ கூரைச் சுருள்தாளோ இட வேண்டும். கான்கிரீட் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஹூஸ்டன்காரன் எழுதியது:

இதைப் படித்த பிறகு என் முந்தைய கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன். நாங்கள் பார்க்கும் சேர்ப்புத் தூண்கள் நன்றாக நிற்பதற்கு அவை சுவருக்குள் இருப்பதும், கீழே பல வீடுகளில் பேஸ்மென்ட் இல்லாமல் நேராகக் கான்கிரீட் தளம் தடிப்பான விளிம்போடு இருப்பதும் காரணம் என்று இப்போது புரிகிறது. அப்படியானால் இரும்புத் தூணையே மேலிருந்து கீழ்வரை வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எல்லாம் தீராதா?

உளியும்மட்டமும் எழுதியது:

இரும்பு நல்ல தீர்வுதான், அதன் தட்டு சுமையைப் பரப்பும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. புதிய வீடுகளில் இது பெரிய தொல்லை. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கே சுருங்குகிறது. ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஏறத்தாழ கால் விழுக்காடு சுருங்கும். மூன்று பிளேட்டுகளும் ஒரு டூ பை டென் ஜோயிஸ்ட்டும் சேர்ந்த ஒரு தளத்தில் 349 மி.மீ. குறுக்கு மரம் இருக்கிறது. 19 விழுக்காடு ஈரத்தில் வந்த மரம் வீட்டுக்குள் 8 க்கு இறங்கினால், அந்தத் தளம் 9 முதல் 10 மி.மீ. வரை தாழும். நடுவில் இரும்புத் தூணோ, பிளேட்டுகளைத் துளைத்துக்கொண்டு தொடர்ச்சியாக எழும் பிஎஸ்எல் தூணோ இருந்தால் அது தாழாது. ஆகவே முதல் குளிர்காலம் முடியும்போது அந்த இடத்தில் தரை மேடுபோல நிற்கும். பழைய வீட்டில் ஜோயிஸ்ட்டுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலர்ந்துவிட்டதால் மார்க்கம் நண்பருக்கு இந்தக் கவலை குறைவு. புதிதாக வைக்கும் பிளேட்டுகளை மட்டும் நன்றாக உலர்ந்தவையாகப் பார்த்து எடுத்தால் போதும்.

ஜோயிஸ்ட் இடுக்குக் கட்டைகளைப் பற்றி ஒன்று. 235 மி.மீ. என்று புத்தக அளவுக்கு வெட்டாதீர்கள். ஜோயிஸ்ட்டின் உண்மையான உயரத்தை அந்த இடத்திலேயே அளந்து, அதைவிட ஒன்றரை மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். கட்டை ஜோயிஸ்ட்டைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருந்தால்தான் சுமை முதலில் கட்டையைத் தொடும். குறைந்திருந்தால் தளப்பலகை வளைந்து ஜோயிஸ்ட்டைத் தொட்டுச் சுமையை அதன்மேல் போட்டுவிடும்.

பிஎஸ்எல் தூணில் கையால் ஆணி அடிக்க முயன்றால் ஆணி வளையும், திருகாணிக்கு முன்துளை இடுங்கள். எல்விஎல்லில் பலகையின் ஓரத்தில், தாள்களுக்கு இணையாக, நெருக்கமாக ஆணியடித்தால் தாள்கள் பிளக்கும். மின்கம்பி கொண்டுபோக வருபவரிடம் இந்தத் தூணில் துளை போடக்கூடாது என்று தூணின் மீதே எழுதி வைத்துவிடுங்கள். நான் எப்போதும் சிவப்பு மையில் எழுதுவேன்.

பசிபிக்கரை எழுதியது:

தச்சர் சொன்ன இரண்டும், அதாவது குறுக்கு மரம் நசுங்குவதும் குறுக்கு மரம் சுருங்குவதும், பெரிய கட்டடத்தில் எப்படித் தீர்க்கப்பட்டன என்பதை இங்கே நேரில் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் 2017 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிரொக் காமன்ஸ் மாணவர் விடுதி 18 மாடி. கீழ் மாடியும் மின்தூக்கிக் கூடங்களும் கான்கிரீட், மற்ற மாடிகளில் குளுலாம் (பலகைகளை ஒட்டிச் செய்த கட்டை) தூண்கள், சுமை மிகுந்த சில கீழ்மாடிகளின் நடுப்பகுதியில் பிஎஸ்எல் தூண்கள். தளம் குறுக்கு அடுக்கு மரப்பலகை. அந்தப் பலகையின்மேல் மேல்மாடித் தூணை நேராக நிறுத்தியிருந்தால், பதினாறு மாடிச் சுமையும் பலகையைக் குறுக்கே நசுக்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு தூணின் நுனியிலும் இரும்பு இணைப்பை வைத்து, அது தளத்தில் உள்ள துளை வழியே கீழ்த் தூணின் தலையைத் தொடும்படி செய்தார்கள். சுமை தூணிலிருந்து தூணுக்கே இறங்குகிறது, தளம் நடுவில் அகப்படுவதில்லை. கான்கிரீட் கூடங்கள் சுருங்கும் அளவும் மரத்தூண்கள் குறுகும் அளவும் வேறு என்பதால், சில மாடிகளில் தூண்களுக்கு நடுவே மெல்லிய இரும்புத் தகடுகளை வைத்து உயரத்தைச் சரிசெய்தார்கள்.

மார்க்கம் சமையலறையில் நீங்கள் ஜோயிஸ்ட் இடுக்கில் நார் நிமிர்ந்த கட்டையை வைக்கும்போது செய்வதும் அதே வேலைதான், அளவுதான் வேறு.

மார்க்கம்வாசி எழுதியது:

ஐந்து வாரத்துக்குப் பின் எழுதுகிறேன், மன்னிக்கவும். பொறியியலாளர் கீழ்ப்பகுதிக்குத் தனிப்படம் வரைந்து தந்தார், நகராட்சியில் அதைத் திருத்தமாகப் பதிவு செய்தோம். பேஸ்மென்ட் தரையை அறுத்து 900 மி.மீ. சதுர அத்திவாரம் வார்த்தோம். அதன்மேல் தட்டு வைத்த இரும்புத் தூண், அதற்கு மேலே ஜோயிஸ்ட் இடுக்கில் எல்விஎல் கட்டைகள், நார் நிமிர்ந்தபடி. எங்கள் ஜோயிஸ்ட்டின் உயரத்தைத் தச்சர் அளந்தபோது 235 இல்லை, 229 மி.மீ. இருந்தது. உலர்ந்து குறைந்த அந்த 6 மி.மீ. ஐ அவரே எனக்குக் காட்டினார். கட்டைகளை 230.5 இல் வெட்டினார்.

பிஎஸ்எல் தூண் சொன்னபடி மூன்றாவது வாரம் வந்தது. அதன் பக்கத்தில் நாடாக்களின் கோடுகள் நீளமாக ஓடுவதை என் மகள் கைவிரலால் தொடர்ந்துகொண்டே போனாள். பெட்டியிட்டு மறைக்காமல் அப்படியே மெருகு பூசி விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இன்ஸ்பெக்டர் வந்து, மேலிருந்து தொடங்காமல் நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கி இடுக்குக் கட்டைகளைத்தான் முதலில் பார்த்தார்.

சனிக்கிழமை தற்காலிக முட்டுகளை ஒரு திருகுக்கு ஒரு திருகாகத் தளர்த்தினோம். லேசர் மட்டத்தில் உத்திரத்தின் நடு 5 மி.மீ. இறங்கியது, பொறியியலாளர் சொல்லியிருந்த அளவுக்குள் அது இருக்கிறது. இரண்டு தூண்களின் தலையிலும் பிளேட்டிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலைவரை கோடுகள் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கின்றன. இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு டிரைவால் அடிக்கச் சொல்லப் போகிறேன்.